அம்மாவின் சுவரில் ஒரு டிவி: 46 யூனிட்டிலிருந்து ஐந்து யூனிட்டுக்கு

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு ஹோலில் ஒரு டிவி மாட்டியிருக்கிறோம். செய்தியோ நாடகமோ அதில் ஓடுவதில்லை. காலை ஆறு மணிக்குத் தானாக எரிந்து குடும்பப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டும். பத்து மணிக்கு அணையும். பின்னேரம் நாலு மணிக்குத் திரும்ப எரிந்து இரவு ஒன்பது வரை இருக்கும். இதற்கு மாதம் ஐந்து யூனிட் மின்சாரம் போகிறது. இதே வேலையை முதலில் செய்த டிவி மாதம் 46 யூனிட் எடுத்தது. இடையில் என்ன நடந்தது, எதை அளந்தோம், எதைப் பார்த்து வாங்கினோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டில் வயதானவர்களும் வெளிநாட்டில் பிள்ளைகளும் இருக்கிற குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. அவர்களுக்கு இது பயன்படும்.

2004 டிசம்பர் 26 வரை நாங்கள் திருக்கடலூரில் இருந்தோம். அன்று காலை கடல் உள்ளே வந்தபோது எல்லோரும் உயிர் தப்பினோம். அல்பங்கள் தப்பவில்லை. அம்மாவின் கலியாணப் படம், கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் அப்பா வாளியோடு நிற்கும் படம், அண்ணாவின் முதல் பிறந்தநாள், எல்லாமே போய்விட்டன. அப்பா காலமான பிறகு அம்மா அந்தப் படங்களைப் பற்றி அடிக்கடி கேட்கத் தொடங்கினார்.

சொந்தக்காரர்களிடம் பிரதிகள் இருந்தன. டொரொண்டோவில் மாமி, லண்டனில் அண்ணா, மூதூரில் சித்தப்பா என்று ஒவ்வொருவராகப் பிடித்தோம். பெரும்பாலும் 3.5க்கு 5 அங்குலப் பிரதிகள். எல்லாவற்றையும் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியாக, ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னோம். மூன்று வருடத்தில் நானூறுக்கு மேல் சேர்ந்தது.

அம்மாவுக்கு இப்போது 76 வயது. இரண்டு கண்ணிலும் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்தாயிற்று. போனில் படம் காட்டினால், விரலால் பெருப்பித்து முகத்தைத் தேடுவதற்குள் களைத்துவிடுவார். அண்ணா விடுமுறைக்கு வந்தபோது பத்து அங்குல டிஜிட்டல் படச்சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். மின்சாரம் மிகக் குறைவாக எடுக்கும், நல்ல பொருள்தான். ஆனால் அம்மாவின் சாய்மனைக் கதிரையிலிருந்து சுவர் இரண்டரை மீட்டர் தூரம். நாலு பேர் நிற்கும் படத்தில் யார் யாரென்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் பழைய டிவியை இறக்கினோம்.

பழைய டிவியும் அந்த மாதப் பில்லும்

அது 2009இல் வாங்கிய 32 அங்குல எல்சிடி. யுஎஸ்பி வாய் இருந்தது. பென் டிரைவில் படங்களைப் போட்டு ஸ்லைட் ஷோவை ஓடவிட்டேன். முதல் நாள் அம்மா மூன்று மணிநேரம் கதிரையை விட்டு எழும்பவில்லை. பிறகு அது வீட்டு வழக்கமாகிவிட்டது. விடிய ஐந்து மணிக்கு எழும்பியதும் போடுவார், இரவு ஏழு மணிக்கு அணைப்பார். அவர் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தாலும் சரி, மத்தியானம் படுத்திருந்தாலும் சரி, அது எரிந்துகொண்டே இருக்கும்.

அதற்கு முந்தைய மாதம் 95 யூனிட். அந்த மாதம் 141. யூனிட் பாதியளவுதான் கூடியது, கட்டிய காசு அதைவிட எவ்வளவோ கூடிவிட்டது. காரணம் இலங்கையின் மின்கட்டண முறை. மாதம் 60 யூனிட்டைத் தாண்டிய வீடுகளுக்கு 60, 90, 120, 180 என்று படிகள் உண்டு. படி ஏற ஏற ஒரு யூனிட்டின் விலை கூடும். அதோடு, மொத்தப் பாவனை எந்தப் படியில் நிற்கிறதோ அதற்கேற்ப மாத நிலையான கட்டணமும் ஏறும். அதாவது வீட்டுக்குப் புதிதாக வரும் ஒரு பொருள் எடுக்கும் யூனிட்டுகள் எல்லாம் உங்கள் மேல்படியின் விலையில்தான் விழும். எங்கள் டிவி எங்களை 120க்கு மேலே தள்ளிவிட்டது. ஒரு டிவி எத்தனை ரூபாய் தின்னும் என்று கேட்பவர்களுக்குப் பொதுவான பதில் ஒன்று கிடையாது. உங்கள் பில் இப்போது எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த படிக்கு எத்தனை யூனிட் மிச்சம் என்று முதலில் பாருங்கள்.

மின்மானியின் சிவப்புப் பொட்டு

செருகி அளக்கும் வாட் மீட்டர் எங்களிடம் இல்லை. வீட்டு மின்மானியையே வைத்து அளந்தோம். இலத்திரனியல் மின்மானியில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மின்னும் என்று அச்சிட்டிருப்பார்கள். எங்களுடையதில் 1600. ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி, ஆகவே ஒரு மின்னலுக்கு 0.625 வாட்-மணி. இதை 3600ஆல் பெருக்கி வினாடிக் கணக்குக்கு மாற்றினால் 2250 வரும். இரண்டு மின்னலுக்கு இடையில் போகும் வினாடியால் 2250ஐ வகுத்தால், அந்த நேரத்தில் வீடு எடுக்கும் வாட் கிடைக்கும்.

இரவு எட்டு மணிக்கு பிரிஜ், ரவுட்டர், விசிறி, போன் சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு டிவியை மட்டும் எரியவிட்டேன். தங்கச்சி வாசலில் மின்மானிக்கு முன்னால் டோர்ச்சோடும் போனின் ஸ்டொப் வோச்சோடும் நின்றாள். பத்து மின்னலுக்கு 205 வினாடி. ஒன்றுக்கு 20.5 வினாடி என்றால் 110 வாட். டிவியின் பின்தகட்டில் 150 வாட் என்று இருந்தது. அது உச்ச அளவு, நிஜத்தில் எடுப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. நாளுக்கு 14 மணிநேரம், 30 நாள் என்று பெருக்கினால் 46 யூனிட். பில்லில் கூடியதும் சரியாக அதே 46தான்.

பிறகு ரிமோட்டை எடுத்து 'பிரைட்னஸ்' என்பதை 50இலிருந்து 20க்கு இறக்கினேன். படம் இருண்டது. அப்பாவின் கறுப்பு மீசை முகத்தோடு கரைந்துபோனது. "எத்தனை வருது?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டேன். "அதே இருபதுதான் அண்ணா" என்றாள் தங்கச்சி. திரை இருண்ட பிறகும் மின்மானி அதே வேகத்தில் மின்னியது.

அதைப் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டு, மெனுவில் இன்னும் கீழே இருந்த 'பேக்லைட்' என்பதைப் பத்திலிருந்து மூன்றுக்கு இறக்கினேன். "இப்ப பிந்துது... முப்பத்துமூண்டு" என்று குரல் வந்தது. 68 வாட்.

இந்த ஆய்வில் மிக முக்கியமான இடம் இதுதான். எல்சிடி டிவியில் மின்சாரத்தில் பெரும்பங்கு திரைக்குப் பின்னால் எரியும் விளக்குக்குப் போகிறது. பழையவற்றில் அது டியூப் லைட் போன்ற மெல்லிய குழாய்கள், இப்போது எல்ஈடி. முன்னால் இருக்கும் திரவப் படிகத் தகடு அந்த வெளிச்சத்தை மறைப்பதும் விடுவதுமாக இருக்கும். 'பிரைட்னஸ்' பெரும்பாலான டிவிகளில் இந்தத் தகட்டைத்தான் மாற்றுகிறது, கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிய வேண்டும் என்பதை. பின்னால் விளக்கு முழு வேகத்தில் எரிந்துகொண்டேயிருக்கும். மின்சாரத்தைக் குறைப்பது பேக்லைட் மட்டுமே. சில டிவிகளில் பெயர்கள் இடம் மாறியிருக்கும், அதனால் மின்மானியைப் பார்த்தே உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு சதமும் செலவில்லாமல் இவ்வளவு குறைந்தது. எரியும் நேரத்தையும் ஒன்பது மணிநேரமாக்கினால் மாதம் 18 யூனிட்டுக்கு வந்துவிடும், வீடு திரும்ப 120க்குள் நிற்கும். பலருக்கு இதுவே போதும். இருக்கிற டிவி நன்றாக இருந்தால் புதிதாக வாங்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். எங்கள் டிவியின் குழாய்கள் வயதானவை. வெளிச்சத்தைக் குறைத்ததும் ஒரு பக்கம் மஞ்சளடித்தது. இரண்டு கிழமையில் சிமிட்டத் தொடங்கியது. அம்மாவின் கண்ணுக்கு அது ஒத்துவரவில்லை.

எதைத் தேடினோம்

அண்ணா லண்டனிலிருந்து போன் எடுத்தார். "காசு நான் அனுப்புறன். அந்தப் படச்சட்டம் மாதிரி வாற சாம்சங்கையே வாங்கடா." அவர் சொன்னது 2017இல் வந்த 'த ஃபிரேம்' டிவியை. நன்றாக யோசித்துச் செய்த பொருள். ஆள் நடமாட்டத்தையும் அறை வெளிச்சத்தையும் உணர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். 2022இலிருந்து கண்ணாடிப் பளபளப்பு இல்லாத திரையும் வந்திருக்கிறது. ஆனால் படம் காட்டும்போதும் அது பின்விளக்கு எரியும் எல்ஈடி டிவிதான். எங்களுக்கு வேண்டிய வேலையைச் சாதாரண டிவி ஒன்றில், குறித்த நேரத்துக்குக் கரண்டை வெட்டித் திரும்பக் கொடுக்கும் டைமரும் பேக்லைட்டும் செய்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் காசுக்கு மிச்சம் இருந்த படங்களை நல்ல ஸ்கேனரில் எடுக்கலாம் என்றேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

அவர் அங்குள்ள கடையில் டிவிகளின் சக்தி லேபிள்களைப் படமெடுத்து அனுப்பினார். ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் 2021 மார்ச்சிலிருந்து ஏ முதல் ஜி வரை புதிய அளவுகோல். அதைப் பார்க்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்த எழுத்து திரையின் பரப்போடு ஒப்பிட்டுக் கொடுக்கப்படுவது. இ வகுப்பு 65 அங்குல டிவி ஒன்று, எஃப் வகுப்பு 32 அங்குலத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடுக்கலாம். எழுத்தை மட்டும் பார்த்து வாங்கினால் பெரிய டிவி சிக்கனமானது என்று தவறாக எண்ணிவிடுவோம். இரண்டாவது, எழுத்துக்குக் கீழே 1000 மணிநேரத்துக்கு இத்தனை கிலோவாட்-மணி, அதாவது யூனிட், என்று போட்டிருக்கும். அந்த எண்ணை அப்படியே வாட் என்று வாசிக்கலாம். 30 என்றால் 30 வாட். எனக்கு அந்த எண்தான் உதவியது.

அளவைப் பொறுத்தவரை 32இல் நின்றோம். 43 அங்குலத்தின் பரப்பு 32ஐப் போல 1.8 மடங்கு, 55 என்றால் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒளியூட்ட வேண்டிய பரப்பு கூடினால் வாட் கூடும். இரண்டரை மீட்டரில் 32 அங்குலம் அம்மாவுக்குப் போதும் என்பதைப் பழைய டிவியே காட்டிவிட்டது.

புள்ளிகள் இன்னும் நெருக்கமான 4கே திரை வேண்டுமா என்ற கேள்வி வந்தது. 3.5 அங்குல அகலப் பழைய பிரதியை 600 டிபிஐயில் எடுத்தால் 2100க்கு 3000 புள்ளி வரும். ஆனால் அந்தக் காலத்துச் சின்னப் பிரதியில் உண்மையாக இருக்கும் நுணுக்கம் அதில் பாதியளவு என்றுதான் சொல்வேன். 1920க்கு 1080 புள்ளியுள்ள ஃபுல் எச்டி அதைத் தாராளமாகத் தாங்கும். 32 அங்குலத்தில் மலிவாகக் கிடைக்கும் 1366க்கு 768 திரையை மட்டும் தவிர்த்தோம். அம்மா சில வேளை எழும்பிப் பக்கத்தில் போய் நின்று பார்ப்பார், அப்போது முகங்களில் புள்ளி தெரியும்.

ஓஎல்ஈடியை அழகுக்காக யோசித்தேன். அதில் பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கறுப்பான இடத்துக்கு மின்சாரம் போகாது. ஆனால் ஒரே மாதிரி உருவம் நாள் முழுக்க நின்றால் அதன் தடம் திரையில் பதிந்துவிடும் ஆபத்து உண்டு. எங்கள் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஓரச் சட்டமும் ஒரே இடத்தில் எழுத்தும் வைக்கவிருந்தோம். ஆகவே கைவிட்டோம். மின்தாள் திரைகளும் உண்டு. படம் மாறும்போது மட்டுமே மின்சாரம் எடுக்கும், சுவரில் நிஜமான தாள் போலவே இருக்கும். இந்த அளவில் அதன் விலை இப்போது எங்கள் கைக்கு எட்டாது.

கடையில் ஒரு மணிநேரம்

நகரில் ஒரு கடைக்கு ஐந்து படங்கள் போட்ட பென் டிரைவோடு போனேன். கடைத் தம்பி முதலில் நீலக் கடலும் பவளப்பாறையும் ஓடும் விளம்பரப் படத்தைக் காட்டினார். அதில் எல்லா டிவியும் அழகுதான். அதை நிறுத்தி என் பென் டிரைவைப் போடச் சொன்னேன்.

அம்மாவின் கதிரை டிவிக்கு நேரே இல்லை, சமையலறை வாசல் பக்கம் சரிந்து இருக்கிறது. அதனால் முதலில் பக்கவாட்டில் போய் நின்று பார்த்தேன். ஒரு டிவியில் நேரே பார்த்தால் கறுப்பு மிக ஆழமாக இருந்தது, பக்கத்தில் போனதும் முகங்கள் வெளிறின. அது விஏ வகைத் திரை. அடுத்தது ஐபிஎஸ். கறுப்பு கொஞ்சம் சாம்பல்தான், ஆனால் சுவரோரத்தில் நின்றாலும் அப்பாவின் முகநிறம் மாறவில்லை. அதோடு பேக்லைட்டை நூறிலிருந்து 25க்கு இறக்கிப் பார்த்தேன். குறைந்த வெளிச்சத்திலும் மூலைகள் ஒரே சீராக இருந்தன.

பிறகு கேட்டேன்: "தம்பி, பிளக்கைக் கழட்டிப்போட்டுத் திரும்பச் செருகுங்கோ." அவர் யோசித்தார். "ஏன் அண்ணை?" என்றார். டைமர் மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுக்கும்போது டிவி தானாக எரிய வேண்டும், சிவப்பு விளக்கோடு தூங்கிவிடக் கூடாது என்று விளக்கினேன். ஒரு டிவி தூங்கிவிட்டது. நாங்கள் வாங்கியது எரிந்தது, யுஎஸ்பியில் இருந்த படத்தையும் தானாகவே திரும்ப எடுத்தது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் படச்சட்டத்துக்கென்று டிவி வாங்காதீர்கள். அம்மா தினமும் ரிமோட்டில் ஏழு பொத்தான் அழுத்த வேண்டியிருந்தால் ஒரு மாதத்தில் அது சுவரில் இருண்டு நிற்கும்.

வீட்டில்

பெட்டியைப் பிரித்து மின்மானிக்கு முன்னால் திரும்ப நின்றோம். கடையிலிருந்து வந்த 'விவிட்' நிலையில் 42 வாட். பேக்லைட் 25இல் ஒரு மின்னலுக்கு 125 வினாடி, அதாவது 18 வாட். நிறத்தை 'வோர்ம்' பக்கம் நகர்த்தினோம். வெளிச்சம் சுவரின் வெளிச்சத்தோடு ஒத்துப்போகும்போதுதான் படம் தாளில் அச்சடித்ததுபோல் தோன்றும். கூடினால் டிவியாகிவிடும். ஆகவே மின்சாரத்துக்கு எது நல்லதோ அதுவே பார்வைக்கும் நல்லதாக அமைந்தது.

ஹோலின் யன்னல் கிழக்கே பார்க்கிறது. காலை வெயில் நேரே அடிக்கும் சுவரில் மாட்டினால் பேக்லைட்டை 80க்கு ஏற்ற வேண்டிவரும், அதனால் யன்னலுக்குப் பக்கச் சுவரைத் தெரிவு செய்தோம். கடற்காற்றின் உப்பு இங்கே எல்லா இரும்பையும் தின்னும். துருப்பிடிக்காத திருகாணிகள் போட்டு, காற்றோட்டத்துக்காகச் சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளி விட்டோம். ஐப்பசி, கார்த்திகை இடிமழை நாட்களில் பிளக்கைக் கழற்றிவிடுவது வழக்கம்.

படங்களைத் தயார்செய்யத்தான் அதிக நாள் போனது. ஐபோனில் எடுத்த ஹெச்ஈஐசி படங்களை டிவி திறக்கவில்லை. எல்லாவற்றையும் ஜேபெக் ஆக்கினோம். போனில் நிமிர்ந்து தெரிந்த சில படங்கள் டிவியில் படுத்துக்கிடந்தன. திருப்பிய தகவலை அது வாசிக்கவில்லை, நாங்களே திருப்பிச் சேமித்தோம். நெடுக்குப் படங்களை இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்தோம். கீழே பெரிய எழுத்தில் இடமும் வருடமும்: 'கன்னியா, 1983', 'கோணேசர் கோயிலடி, 1991'. அந்த வருடங்களைச் சொன்னது அம்மா. மாமிக்கும் சித்தப்பாவுக்கும் போன் எடுத்துச் சரிபார்த்தோம்.

முதல் கிழமை காலை பத்து மணி வரை ஒழுங்காக ஓடியது, பின்னேரம் மட்டும் எட்டு மணிக்கே அணைந்தது. ரிமோட்டை யாரும் தொடாவிட்டால் நாலு மணிநேரத்தில் தானாக அணையும் ஏற்பாடு அது. பல டிவிகளில் உண்டு, மெனுவில் நிறுத்தலாம். அடுத்தது டைமர். பற்கள் உள்ள சுழலும் டைமர் ஒன்றைப் போட்டிருந்தோம். இரண்டு மணிநேரம் கரண்ட் நின்றால் அதன் மணியும் இரண்டு மணிநேரம் பிந்தியது. உள்ளே மின்கலம் உள்ள டிஜிட்டல் டைமராக மாற்றினோம். அணைந்திருக்கும் நேரத்தில் டைமர் கரண்டை முழுதாக வெட்டுவதால், டிவியின் காத்திருப்பு மின்சாரமும் இல்லை.

படம் மாறும் இடைவெளியை நான் பத்து வினாடி என்று வைத்திருந்தேன். "என்ன தம்பி, நான் ஆளைப் பிடிக்க முதல் போயிடுது" என்றார் அம்மா. இப்போது இரண்டு நிமிடம்.

பழைய எல்சிடியின் குழாய்களில் பாதரசம் இருக்கிறது. அதைக் குப்பையில் போடக் கூடாது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுப்பதற்காகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம்.

எட்டு மாதமாகிறது. பில் 98 யூனிட்டுக்கும் 104 யூனிட்டுக்கும் இடையில் நிற்கிறது. போன மாதம் அப்பாவின் திதி வந்தது. படையல் முடிந்து எல்லோரும் போன பிறகு அம்மா கேட்டார்: "இண்டைக்கு மட்டும் அதை அணையாமல் விடலாமோ? கரண்ட் கூடுமோ?" இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை ஒன்பது மணிநேரம், 18 வாட். ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு. கணக்கைச் சொல்லிவிட்டு டைமரைக் கழற்றி, பிளக்கை நேரே சுவரில் செருகினேன். அம்மா கதிரையைக் கொஞ்சம் முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.